மானூக்கின் ஜெனரேட்டரும் உன் மூன்றாவது ஆல்பமும்

பெய்ரூத், கெய்தாவி
வியாழக்கிழமை, மாலை ஆறு மணி

அன்பு மருமான் நதீமுக்கு,

மாமா வதீஹ் சர்ரூஃப் எழுதுவது. இங்கே கடவுள் கிருபையால் உன் அத்தை அஃபீஃபே நலமாக இருக்கிறாள். நான் உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான் சொல்ல முடியும். மான்ட்ரியாலில் நீ எப்படி இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்த இருமல் நின்றதா என்று அறிய ஆவல். இருமலைப் பற்றி வெறும் மரியாதைக்காகக் கேட்கவில்லை. பின்னால் வருகிறேன்.

போன மாதம் நீ எனக்கு இரண்டு வேலைகள் கொடுத்தாய். ஒன்று, நீ அனுப்பிய மூன்று ஆல்பங்களையும் முழுதாகக் கேட்டுவிட்டு, ஒளிவு மறைவில்லாமல் என் சொந்த அபிப்பிராயத்தை எழுத வேண்டும். இன்னொன்று, வருகிற ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு நம் தெருவுக்கு ஆம்பியர் கணக்கில் கரண்ட் விற்கிற ஜெனரேட்டர்காரர் மானூக் வீட்டுக்குப் போய், அவர் மகள் ஷோகிக்கை உனக்குப் பெண் கேட்க வேண்டும். இவை இரண்டும் வேறு வேறு வேலைகள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். புத்தி உள்ள எந்த மனிதனும் அப்படித்தான் நினைப்பான். இன்று மதியம் மூன்றரை மணிக்கு இரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன, நான் நடுவில் நின்றேன். எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான், பொறுத்துக்கொள்.

முதலில் அபிப்பிராயத்தை முடித்துவிடுகிறேன். முதல் ஆல்பம், அந்த ஃபின்லாந்துப் பெண்மணியின் ‘ஏரியின் எலும்புகள்’. உறைந்துபோன ஏரி விரிசல் விடுகிற சத்தத்தை ஐம்பத்திரண்டு நிமிடம் பதிவு செய்திருக்கிறாள். நீ சொன்னபடியே நாற்காலியைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்டேன். ஆறாவது நிமிடத்தில் சமையலறையிலிருந்து அத்தையின் அலறல் கேட்டது. ஃப்ரிட்ஜில் ஐஸ் உடைகிறது, எல்லாம் உருகிப்போகப்போகிறது என்று சொல்லி, உறைய வைத்திருந்த கிப்பே கறி உருண்டைகளையும் வெண்டைக்காயையும் மூன்று மாதத்துக்கான கீரையையும் வெளியே எடுத்து மேசையில் பரப்பிவிட்டாள். “அது ஃபின்லாந்துடி” என்றேன். “ஃபின்லாந்தோ எதுவோ, வெளிய எடுத்தாச்சு, இனிமே சமைச்சுத்தான் ஆகணும்” என்றாள். ஆக, அந்த ஆல்பத்தின் காரணமாக நாங்கள் நான்கு நாள் மூன்று வேளையும் கிப்பே சாப்பிட்டோம். என் அபிப்பிராயம் என்னவென்றால், முப்பத்தாறாவது நிமிடத்தில் விரிசல் எல்லாம் அடங்கி, எங்கோ கீழே தண்ணீர் லேசாக நகர்கிறது. அந்த இடம் நன்றாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். லிஃப்ட் குழிக்குள் இறங்கி நின்றால், மேலே எட்டாவது மாடியில் யாரோ பொத்தானை அழுத்துவதற்கு முந்தைய கணம் அப்படித்தான் இருக்கும். அந்த அம்மாளுக்கு என் வணக்கத்தைச் சொல். மற்ற ஐம்பத்தோரு நிமிடங்களைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாவது, உன் தோழன் எத்தியென் போட்ட ‘கதவு, ஒன்று முதல் ஏழு வரை’. இரும்புக் கதவில் வயலின் வில்லை வைத்துத் தேய்த்திருக்கிறான். நதீம், நாற்பத்தோரு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவனுக்கு இதைப் போய் அனுப்பலாமா? முதல் கதவு தொடங்கியதுமே என் கால் என்னைக் கேட்காமல் எழுந்துவிட்டது. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, எண்ணெய்க் கேனோடு லிஃப்டுக்குப் போய்விட்டேன். மூன்றாவது கதவு ஓடும்போது தண்டவாளத்துக்குக் கிரீஸ் போட்டேன், ஐந்தாவது கதவில் கீல்களைத் துடைத்தேன், ஏழாவது முடிந்தபோது எங்கள் கட்டிடத்து லிஃப்ட் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. ஆனால் என் சட்டைப்பை மட்டும் கீச்சிட்டுக்கொண்டே இருந்ததால், லிஃப்டில் ஏறிய மூன்றாம் மாடி மதாம் ஒடெட் சிலுவை போட்டுக்கொண்டு படியில் இறங்கிப் போனாள். நடுவில் ஒன்பது நிமிடம் எதுவுமே கேட்கவில்லை. போன் கெட்டுவிட்டது என்று நினைத்துத் தட்டித் தட்டிப் பார்த்தேன். அதுவும் இசைதான் என்று அத்தை படித்துச் சொன்னாள், அதற்கு ஒரு பெயர்கூட இருக்கிறதாம். என் அபிப்பிராயம்: அந்தக் கதவுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டிருந்தால் ஆல்பத்துக்கே வேலை இருந்திருக்காது. பையன் மேல் எனக்குக் கோபமில்லை. அவன் கதவை யாராவது சீக்கிரம் கவனித்தால் நல்லது.

மூன்றாவது உன்னுடையது, ‘ஐந்து ஆம்பியர்’. இதைப் பற்றி நான் போன வாரமே உனக்குப் போனில் செய்தி எழுதினேன், நினைவிருக்கும். ‘மிகச் சிறப்பு, நல்ல ஆழம், குறிப்பாக நடுப்பகுதி’ என்று எழுதினேன். நதீம், நான் அதைக் கேட்கவில்லை. ஒரு நிமிடம்கூடக் கேட்கவில்லை. நான்கு நாள் கிப்பேக்கும் ஒடெட்டின் சிலுவைக்கும் பிறகு எனக்குத் தெம்பு இல்லை. தங்கை பையன், சந்தோஷப்படட்டும் என்று நினைத்து எழுதிவிட்டேன். நடுப்பகுதி என்பது எல்லாவற்றுக்கும் இருக்கும் என்ற தைரியத்தில் எழுதினேன். இந்த ஒரு பொய்தான் இன்று நடந்த எல்லாவற்றுக்கும் ஆரம்பம். மன்னிப்பைக் கடிதத்தின் கடைசியில் கேட்கிறேன், இப்போது கேட்டால் கதை நின்றுவிடும்.

கேட்டவள் உன் அத்தை. எனக்குத் தெரியாமல், தினமும் கேட்டிருக்கிறாள். மானூக் போன மாதத்திலிருந்து மதியம் இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை ஜெனரேட்டருக்கு ஓய்வு கொடுக்கிறார். வெயிலில் மெஷின் கொதிக்கிறது, டீசலும் கிடைப்பதில்லை என்கிறார். அரசாங்கக் கரண்ட்டைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் அந்த நேரத்தில் கீழே முடிதிருத்தும் கடையில் தவ்லே பகடை ஆடப் போய்விடுவேன். அத்தை படுத்துக்கொள்வாள். ஆனால் இத்தனை வருடம் ஜெனரேட்டர் சத்தத்திலேயே தூங்கிப் பழகியவளுக்கு, சத்தம் நின்றால் தூக்கம் வருவதில்லையாம். அதனால் நீ அவளுக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனாயே, குடம் அளவுக்கு ஒரு பேட்டரி ஸ்பீக்கர், அதில் உன் ஆல்பத்தைப் போட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறாள். அறைக்குள் வைத்தால் கட்டில் அதிர்கிறதென்று பின்பக்க ஜன்னல் விளிம்பில், வெளியே பார்த்தபடி வைத்திருக்கிறாள். அந்த ஜன்னல் எங்கே திறக்கிறது என்று உனக்குத் தெரியும். கட்டிடத்தின் நடுவில் இருக்கும் காற்றுக் கிணற்றுக்குள், மானூக்கின் ஜெனரேட்டர் கொட்டகை இருக்கிற பக்கம். எட்டு மாடிக்கும் சத்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க அதைவிடப் பெரிய குழாய் இந்த ஊரில் இல்லை.

ஆக, திங்கட்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு எட்டு மாடிக்காரர்களும் என்ன கேட்டார்கள்? ஜெனரேட்டர் ஓடுகிற சத்தம். எழுந்து சுவிட்சைப் போட்டால் கரண்ட் இல்லை. செவ்வாயும் அப்படியே, புதனும் அப்படியே. இதற்கு இந்த ஊரில் ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. ஓய்வு என்று நம்மிடம் சொல்லிவிட்டு, மானூக் நம் கரண்ட்டை வேறு யாருக்கோ விட்டுக்கொண்டிருக்கிறார். மூலையில் புதிதாகத் திறந்த ஐஸ்க்ரீம் கடைக்குத்தான் என்று புதன்கிழமை மாலைக்குள் எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். அந்தக் கடையில் விளக்கு எரிந்ததைப் பார்த்த சாட்சிகள்கூட வந்துவிட்டார்கள். நான் கட்டிடக் கமிட்டித் தலைவன் அல்லவா, இன்று மதியம் சத்தம் தொடங்கியதும் என்னிடம் வந்தார்கள். நான் படிக்கட்டில் நின்று, கையைக் காதில் குவித்துக் கேட்டேன். கேட்டுவிட்டு என்ன சொன்னேன் தெரியுமா? என் வாயை யாராவது அப்போதே பொத்தியிருக்கலாம். “இது மானூக்கோட மெஷின்தான். ரெண்டாவது சிலிண்டர்ல லேசாத் தட்டுது, அடியில வச்ச ரப்பர்ல ஒண்ணு தேஞ்சிருக்கு. நாப்பத்தோரு வருஷத்துக் காது, தப்பாச் சொல்லாது” என்றேன். சத்தியம் செய்யச் சொன்னால் அதையும் செய்திருப்பேன்.

ஆனாலும் உன் ஞாயிற்றுக்கிழமை எனக்கு மறக்கவில்லை. மூன்று நாளில் பெண் கேட்டுப் போக வேண்டிய வீட்டுக்கு இன்றைக்குச் சண்டைக்குப் போனால் உன் கல்யாணம் என்ன ஆகும்? அடுத்த திங்கட்கிழமை பேசிக்கொள்ளலாம், ரப்பரை மாற்றினால் சரியாகிவிடும், மெஷினுக்கும் ஆயிரம் கஷ்டம் இருக்கும் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். அப்போதுதான் மதாம் ஒடெட் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: “தலைவரே, உங்க மருமானுக்குப் பொண்ணு எடுக்கறதுக்காக எங்க கரண்ட்டைப் பரிசமாக் குடுத்துட்டீங்களோ?” கூட்டம் சிரித்தது. ஆறாம் மாடிப் பல் டாக்டர் கிசார், நாற்காலியில் ஒரு நோயாளியை வாயைத் திறந்தபடி விட்டுவிட்டு வந்திருந்தவர், சிரிக்காமல் என்னையே பார்த்தார். அதற்குப் பிறகு எந்த மனிதன் போகாமல் இருப்பான்? இன்று மூன்று மணிக்கு ஏழு பேராக, முன்னால் நான், மானூக் வீட்டு வாசலில் நின்றோம். வழி நெடுக அந்தச் சத்தம் எங்கள் தலைக்கு மேல் ஓடிக்கொண்டே வந்தது. அதைக் கேட்கக் கேட்க என் கோபம் ஏறியது.

மானூக் மதியத் தூக்கம் கலைந்து, உள் பனியனோடு வந்து கதவைத் திறந்தார். ஏழு பேரைப் பார்த்ததும் கொஞ்சம் முழித்தார். அவர் மனைவி அராக்ஸி, எங்களைப் பார்த்த அடுத்த நிமிடமே காபி கொண்டுவந்து ஆளுக்கொரு கப் வைத்தாள். நான் தொடவில்லை. கரண்ட்டைத் திருடுகிறவர் வீட்டுக் காபியை நான் எப்படிக் குடிப்பேன்? நான் தொடாததைப் பார்த்து ஒடெட் தொடவில்லை, ஒடெட்டைப் பார்த்து டாக்டர் தொடவில்லை, இப்படியே ஏழு கப்பும் ஆடாமல் அசையாமல் மேசையில் நின்றன. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, “மானூக், நீங்க ஒரு பதில் சொல்ற வரைக்கும் நாங்க இந்தக் காபியைத் தொடறதா இல்ல” என்றேன். சொல்லும்போது எனக்குத் தோன்றவே இல்லை, நதீம். பெண் கேட்டுப் போகிற பெரியவர்கள்தான் கப்பை அப்படி வைப்பார்கள், கேட்டது கிடைத்தால்தான் எடுப்பார்கள் என்பது எனக்குத் தெரியாதா? என் கல்யாணத்துக்கே என் அப்பா கப்பை முக்கால் மணி நேரம் ஆறவிட்டவர். ஆனால் கோபத்தில் இருக்கிறவனுக்குத் தன் கையில் இருப்பது எதுவென்று தெரிகிறதா?

அராக்ஸி கப்புகளைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். உள்ளே அலமாரி திறக்கிற சத்தம், போனில் யாரையோ கூப்பிடுகிற சத்தம், ஷோகிக் “இப்பவா? இன்னிக்கா?” என்று கேட்கிற சத்தம். மானூக் எழுந்து, பனியனுக்கு மேலேயே கறுப்புக் கோட்டைப் போட்டுப் பொத்தான் மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது. “ஞாயித்துக்கிழமைன்னு சொல்லியிருந்தீங்க. பரவாயில்ல வதீஹ் அண்ணே. நல்ல காரியத்துக்கு நாள் எதுக்கு, கேளுங்க” என்றார். அதற்குள் அராக்ஸி ஒரு தட்டில் சர்க்கரை பூசிய பாதாமும் சாக்லேட்டும் நிறைத்துக் கொண்டுவந்து, பக்கத்து வீட்டு அம்மாளோடு சேர்ந்து குலவை போட்டாள். குலவை முடிந்ததும் ஒடெட்டுக்கு வாய் வந்தது. “என்னத்தக் கேக்கறது? எங்க கரண்ட் எங்க போச்சு, அதைத்தான் கேக்கறோம். ஐஸ்க்ரீம் கடைக்குத்தானே விடறீங்க?” என்றாள்.

அந்த அறையில் விழுந்த அமைதியை உன் எத்தியென் பதிவு செய்திருந்தால் ஒன்பது நிமிடம் போதாது. அராக்ஸி தட்டைக் கீழே வைத்தாள். மானூக் ஒடெட்டைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். “கரண்ட்டுக்காகவா கப்பைத் தொடாம வச்சீங்க?” என்று கேட்டார். சத்தம் போடவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. “எனக்கு ரெண்டு பொண்ணு கல்யாணம் இந்த மேசையிலதான் பேசினோம். அந்தக் கப்பு பொண்ணுக்கு மட்டும்தான் அண்ணே ஆறும். ஆம்பியருக்கு ஆறாது” என்றார். பிறகு, “ஞாயித்துக்கிழமை வர வேண்டாம்” என்றார். ஷோகிக் பாதி சீவிய தலையோடு கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் முகத்தை நான் பார்த்தேன். உன் கல்யாணம் என் கண் முன்னால் முடிந்துபோனதை நான் பார்த்தேன், நதீம். முடித்தவன் நானே.

அவமானம் தாங்காமல்தான் இன்னும் முட்டாள்தனமாகப் பேசினேன் என்று நினைக்கிறேன். “அப்ப அந்தச் சத்தம் என்ன? இதோ, இப்பவும் ஓடுதே” என்றேன். மானூக் எழுந்தார். “வாங்க” என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார். கோட்டோடு போய்க் கொட்டகைக் கதவைத் திறந்தார், நாங்கள் ஏழு பேரும் பின்னால், அராக்ஸியும் ஷோகிக்கும் அதற்குப் பின்னால். “கைய வைங்க” என்றார். நான் மெஷின் மேல் கையை வைத்தேன். ஜில்லென்று இருந்தது. காலையில் அதிசயமாக அரசாங்கக் கரண்ட் இருந்ததால் அதை இன்று யாரும் போடவே இல்லை. ஆனால் காதில் அது ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது சிலிண்டரின் தட்டு, தேய்ந்த ரப்பரின் அதிர்வு, எல்லாம் கேட்கிறது. கைக்குக் கீழே அசைவே இல்லை. நாற்பத்தோரு வருடத்தில் இப்படி ஒன்று எனக்கு நடந்ததில்லை. மூளையில் ஏதோ அடைத்துக்கொண்டுவிட்டது, இதுதான் முடிவு, அஃபீஃபேயிடம் சொல்லிக்கொள்ளக்கூட முடியவில்லையே என்று நினைத்தேன். மெஷின் மேலேயே சரிந்தேன். டாக்டர் கிசார் என்னைப் பிடித்துக்கொண்டு, பழக்கத்தில், “வாயைத் திறங்க” என்றார்.

அப்போது ஷோகிக் தலையைத் தூக்கி மேலே பார்த்தாள். எங்கள் நான்காம் மாடி ஜன்னலை. கொஞ்ச நேரம் கேட்டாள், கேட்டுவிட்டுச் சிரித்தாள். “பப்பா, இது நம்ம மெஷின்தான். ஆனா இப்ப ஓடறது இல்ல, போன ஆகஸ்ட்ல ஓடினது. நதீமோட ஆல்பம். இங்கதான் பதிவு பண்ணினது. கேளுங்க, இப்ப ஒரு இருமல் வரும்” என்றாள். எல்லாரும் தலையைத் தூக்கி நின்றோம். வந்தது. காற்றுக் கிணற்றிலிருந்து, கெய்தாவி முழுக்கக் கேட்கும்படி, உன் இருமல். மான்ட்ரியாலில் இருக்கிற நீ எங்கள் தலைக்கு மேலே நின்று இருமினாய். அராக்ஸி பயந்துபோய் என் சட்டையைப் பிடித்தாள்.

அதற்குப் பிறகு ஒடெட் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள், மானூக் கையைத் தூக்கி நிறுத்தினார். மெஷின் பக்கத்தில் இருந்த டீசல் கேன் மேல் உட்கார்ந்துவிட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார். நாங்களும் நின்றோம், வேறு என்ன செய்வது. ஆல்பம் முடிகிற வரை நின்றோம் நதீம், கொட்டகையில், வெயிலில், பத்துப் பேர். முதலில் எனக்கு அது வெறும் ஜெனரேட்டராக இருந்தது. பிறகு தட்டு கொஞ்சம் மாறுவது கேட்டது, யாரோ ஒரு வீட்டில் வாஷிங் மெஷினைப் போட்டால் சுமை ஏறி மெஷின் மூச்சுப் பிடிப்பது கேட்டது, யாரோ அணைத்தால் அது தளர்வது கேட்டது. தெரு முழுக்க என்னென்ன செய்துகொண்டிருக்கிறது என்று அந்த ஒரு சத்தத்திலேயே இருந்தது. என் அபிப்பிராயத்தைக் கேட்டாய் அல்லவா, இதுதான் என் அபிப்பிராயம்: நன்றாக இருந்தது. எனக்கே அதிர்ச்சியாக இருக்கிறது, ஆனால் நன்றாக இருந்தது.

முடிந்ததும் மானூக் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “இருபத்தேழு வருஷமா இதை ஓட்டறேன். எப்ப வரும்னு கேப்பாங்க, எப்ப போகும்னு கேப்பாங்க, ஏன் வரலைன்னு எங்கம்மாவைச் சேத்துத் திட்டுவாங்க. இது எப்படி ஓடுதுன்னு உக்காந்து கவனிச்சவன் ஒருத்தன் கிடையாது. இவ்வளவு நேரம் இதைக் கேட்டுக்கிட்டு இருந்த பையன், என் பொண்ணு பேசினாலும் கேப்பான்” என்றார். நான் அந்த இடத்திலேயே, கையெல்லாம் டீசல் கறையோடு, “மானூக், எங்க நதீமுக்கு உங்க ஷோகிக்கைக் கேக்கறேன்” என்றேன். “குடுத்தேன்” என்றார். ஒடெட்தான் முதலில் குலவை போட்டாள், வெட்கமில்லாதவள். மேலே போய் ஆறிப்போன காபியை ஏழு பேரும் ஒரே மூச்சில் குடித்தோம். ஆறின காபி இவ்வளவு இனிக்கும் என்று எனக்கு இத்தனை வயதில் இன்றுதான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் அத்தை அப்போதுதான் தூங்கி எழுந்து, “எங்க போயிருந்தீங்க, இன்னிக்கு நல்ல தூக்கம்” என்றாள்.

ஆகவே நதீம், பொய்ச் செய்திக்காக என்னை மன்னித்துவிடு. ஞாயிற்றுக்கிழமை முறைப்படி போய் மோதிரம் மாற்றும் நாளைக் குறித்துவிட்டு வருகிறோம். கடவுள் உன்னையும் ஷோகிக்கையும் சேர்த்துக் காக்கட்டும், உன் வீட்டில் விளக்கு அணையாமல் எரியட்டும், மெஷினுக்குள்ளும் ஒரு உயிரைக் கேட்கத் தெரிந்த உன் காது நூறு வருடம் நன்றாக இருக்கட்டும். எத்தியென்னுக்கும் அந்த ஃபின்லாந்து அம்மாளுக்கும் எங்கள் அன்பு. அத்தை உன் நெற்றியில் முத்தமிடுகிறாள், மானூக் தழுவிக்கொள்கிறார், ஒடெட்கூட விசாரித்தாள்.

உன் பெருமைக்குரிய, உன்னால் பெருமைப்படுகிற,
மாமா வதீஹ்

பின்குறிப்பு: வெள்ளி காலை. தபாலில் போடுவதற்கு முன் ஷோகிக் வந்தாள், அத்தையோடு உட்கார்ந்து ஆல்பத்தைக் கேட்பதற்காக. நான் பெருமையோடு இந்தக் கடிதத்தைப் படிக்கக் கொடுத்தேன். ‘உன் காது நூறு வருடம்’ என்ற இடத்துக்கு வந்ததும் பேனாவைக் கேட்டாள். நான் கொடுக்கவில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மைக்கைப் பிடித்துக்கொண்டு கொட்டகையில் நின்றவள் அவள். எட்டு மத்தியானம் நின்றிருக்கிறாள், எந்த வீட்டு வாஷிங் மெஷின் எப்போது ஏறும் என்று குறித்து வைத்து. நீ டீசல் கேன்களுக்கு நடுவில் பாய் போட்டுத் தூங்கினாயாம், ஒரு முறை எழுந்து இருமிவிட்டுத் திரும்பப் படுத்தாயாம். நான் கேட்காமலே ‘நல்ல ஆழம்’ என்று பாராட்டிய அந்த நடுப்பகுதி உன் குறட்டை. அத்தை போட்டுக் காட்டினாள், அது குறட்டைதான், என் காது தப்பாகச் சொல்லாது. ஆனால் ஆல்பத்தில் இருப்பது உன் பெயர் மட்டும்.

“மாமா, பப்பா என்னைக் குடுத்தது கேட்டவனுக்கு. கேட்டவ நான்தானே” என்றாள் அந்தப் பெண். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், அதனால் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு, நாங்கள் போவதற்கு முன்னால், அப்பாவிடம் உண்மையைச் சொல்லப்போகிறாளாம். நீ அதற்குள் அவரைக் கூப்பிட்டு உன் வாயாலேயே சொல்லிவிட்டால் உன்னைக் கட்டிக்கொள்வாளாம். கடிதம் போய்ச் சேர மூன்று வாரம் ஆகும் என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது, எனவே இதையெல்லாம் அத்தை இன்று மதியமே போனில் படித்துக் காட்டுவாள். மேலே எழுதிய ஆசீர்வாதங்களை இப்போதைக்குப் படிக்காமல் விட்டுவிடு. கேட்காமலே கேட்டேன் என்று சொன்னவர்கள் இந்தக் குடும்பத்தில் இரண்டு பேர், நான் ஒத்துக்கொண்டுவிட்டேன். மானூக் காலை ஏழு மணிக்கு எழுந்துவிடுவார்.